‘பத்திரமாக’ என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

ஒரு ரசீதின் அடியில் போடுவதற்கு ஒரே ஒரு வரி வேண்டும் என்றார்கள். தமிழ் வரி தயாராக இருந்தது: “இந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கவும்.” அதையே ஆங்கிலத்தில் போட வேண்டும், அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை என்று உட்கார்ந்தேன். தாளில் தோன்றியதை எல்லாம் எழுதிப் பார்த்தேன்: கீப் சேஃப்லி, கீப் சேஃப், சேவ், செக்யூர், ப்ரொடெக்ட், ப்ரிசர்வ், ரீடெய்ன், கீப் இன் எ சேஃப் ப்ளேஸ். மொத்தம் எட்டு. அகராதியைத் திறந்தால் எட்டுக்குமே ஏறக்குறைய ஒரே பொருள்தான் போட்டிருக்கும். ஆனால் இவற்றில் மூன்றை அந்த ரசீதில் அச்சடித்தால் படிக்கிறவர் சிரித்துவிடுவார். ஒன்றைப் பார்த்து நம் ஊர்க்காரர் சிரிக்க மாட்டார், லண்டன்காரர் ஒரு நொடி தயங்குவார்.

அந்தத் தயக்கம் வருகிற இடம் முதல் சொல்தான். கீப் சேஃப்லி.

நம்மில் பலருக்கு வாயில் முதலில் வருவது இதுதான். எனக்கும் அப்படித்தான். கவனக்குறைவால் வருவது இல்லை இது; தமிழ் நமக்குள் ஒழுங்காக வேலை செய்வதால் வருகிறது. ‘வேகமாக ஓடு’ என்கிறோம். இந்த ‘ஆக’ ஓட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. ‘சுவரை வெள்ளையாக அடி’ என்றும் சொல்கிறோம். இங்கே அடிக்கிற விதமா வெள்ளை? இல்லை, அடித்து முடித்த பிறகு சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் தமிழ் ஒரே ‘ஆக’வைப் போட்டுவிடுகிறது, நாமும் குழம்புவதில்லை. ஆங்கிலம் இந்த இடத்தில்தான் கறார் காட்டும். செயல் எப்படி நடக்கிறது என்றால் ‘லி’ சேர்க்கும். பொருள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்றால் ‘லி’ கிடையாது, வெறும் உரிச்சொல்தான்.

அறையைச் சுத்தமாக வை என்பதற்கு யாரும் ‘கீப் இட் க்ளீன்லி’ என்று சொல்வதில்லை, ‘கீப் இட் க்ளீன்’ என்றுதான் சொல்கிறோம். சூடாக வை என்றால் ‘கீப் இட் வார்ம்’. அதில் ‘வார்ம்லி’ போட்டால் அன்பு பொங்க வைத்திருக்கச் சொன்னது மாதிரி ஆகிவிடும். இதே அச்சில் வார்த்ததுதான் ‘கீப் இட் சேஃப்’. சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி போதும்: பொருள் இப்போது எப்படி இருக்கிறது? ‘இட் இஸ் சேஃப்.’ ‘இட் இஸ் சேஃப்லி’ என்று எந்த நாட்டிலும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்படியானால் கீப் சேஃப்லி தப்பா? தப்பு என்று அடித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தியர்கள் எழுதும் ஆங்கிலத்தில் அது சகஜம், எல்லோருக்கும் புரிகிறது. நமக்குள் அனுப்பும் கடிதமானால் அப்படியே விட்டுவிடுவேன். வெளிநாட்டவர் கைக்கும் போகும் காகிதமானால் மாற்றிவிடுவேன்.

‘லி’க்கும் சொந்த இடம் உண்டு. வினை ஒரு வேலையாக, ஒரு நகர்வாக இருந்தால் சேஃப்லிதான். விமானம் ‘லேண்டட் சேஃப்லி’. காலாவதியான மருந்தை ‘டிஸ்போஸ் சேஃப்லி’. ரசாயனத்தை ‘ஸ்டோர் சேஃப்லி’, ஏனென்றால் ஸ்டோர் என்பது எடுத்து அடுக்கி மூடி வைக்கும் ஒரு வேலை. கீப் அப்படி இல்லை, அது சும்மா இருக்கவிடுவது. வந்து சேர்வதில் மட்டும் இரண்டும் ஓடும்: ‘அரைவ்ட் சேஃப்லி’ என்றாலும் சரி, ‘காட் ஹோம் சேஃப்’ என்றாலும் சரி. ‘ட்ரைவ் சேஃப்’ பேச்சில் எல்லோரும் சொல்வது, இலக்கண வாத்தியார்கள் மட்டும் முகம் சுளிப்பார்கள். நாம் செய்தியில் தட்டுகிற ‘ரீச்ட் சேஃப்லி’யில் சேஃப்லி மேல் குற்றமே இல்லை. ரீச்தான் எங்கே என்று ஒரு சொல் கேட்கும். ஒரு ‘ஹோம்’ போட்டால் அடங்கிவிடும்.

சேஃப்லிக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. ‘யூ கேன் சேஃப்லி இக்னோர் திஸ்’ என்று மின்னஞ்சல் வந்தால் அதில் பாதுகாப்பு எதுவும் இல்லை. தைரியமாகக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று அர்த்தம். இதைப் ‘பாதுகாப்பாகப் புறக்கணிக்கலாம்’ என்று மொழிபெயர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நம் ‘பத்திரம்’ மட்டும் யோக்கியமா என்ன? அதுவே ஒரு வேஷக்காரச் சொல். ஓலை, ஆவணம் என்ற பொருளில் வரும் பத்திரம் வடமொழியின் ‘பத்ர’, இலை. பாதுகாப்பு என்ற பொருளில் வரும் பத்திரம் வேறு ஒரு வடமொழிச் சொல், மங்கலம், நலம் என்று பொருள்படுவது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பேச்சில் மட்டும் முதல் எழுத்தை அழுத்தியும் மென்மையாகவும் சொல்லி வித்தியாசம் காட்டுகிறோம். “பத்திரத்தைப் பத்திரமா வை” என்று ஒருவர் சொல்லக் கேட்டால் இரண்டு ‘ப’வும் ஒரே ஒலியாக இருக்காது.

சரி, அடுத்தது சேவ். இதை நான் அவசரப்பட்டு அடித்துவிட்டு, பிறகு அடித்ததையே அடித்தேன். சேவ் என்றதும் நமக்கு வருவது தண்ணீரில் விழுந்தவரைக் காப்பாற்றுவது, இல்லாவிட்டால் பணம் சேர்ப்பது. ஆனால் அமெரிக்கர்களுக்கு ‘சேவ் யுவர் ரிசீட்’ வெகு இயல்பு. தூக்கிப் போடாதே, பின்னால் தேவைப்படும் என்பதுதான் அதன் சாரம். பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடிப்பதும் சேவ்தான். ஆக சேவ் இரண்டு விதம்: ஆபத்திலிருந்து இழுத்துப் போடுவது ஒன்று, பின்னால் வேண்டும் என்று ஒதுக்கி வைப்பது இன்னொன்று. கணினியில் நாம் அழுத்தும் சேவ் இரண்டாவது வகை, அதைத் தமிழில் ‘சேமி’ என்று போட்டவர் சரியாகவே போட்டார். ஒரே சங்கடம் காதுக்குத்தான். சேஃப், சேவ் இரண்டும் நம் உச்சரிப்பில் அண்ணன் தம்பி மாதிரி கேட்கும். போதாக்குறைக்கு, இரும்புப் பெட்டிக்கும் ஆங்கிலத்தில் சேஃப் என்றே பெயர். கத்திக்கு நைஃப், நைவ்ஸ் என்று பன்மை வருவதைப் பார்த்துப் பெட்டிகளை ‘சேவ்ஸ்’ என்று சொல்லிவிடக் கூடாது. பெட்டிகள் ‘சேஃப்ஸ்’தான்.

ப்ரொடெக்டும், பட்டியலில் இல்லாமல் அதோடு சேர்ந்து நினைவுக்கு வந்த கார்டும் ரசீதுக்குப் பொருந்தாது என்பது உடனே தெரிந்துவிட்டது. (இந்தக் கார்டு காவல் கார்டு, அட்டை இல்லை. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் வந்து நிற்கும்.) ஆனால் இவை இரண்டுக்கும் இடையில் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரம் நிறைய வரும். ப்ரொடெக்டின் லத்தீன் வேர் ‘முன்னால் மூடு’ என்று சொல்கிறது. மூடுதல் என்ற அதே வேரிலிருந்து வந்ததுதான் டிடெக்ட், மூடியை எடுப்பது, அதாவது கண்டுபிடிப்பது. ப்ரொடெக்ட் என்றால் நடுவில் ஏதோ ஒன்று குறுக்கே நிற்க வேண்டும்: குடை, கண்ணாடி, தோலில் தடவிய களிம்பு, சட்டம். அது கண்விழித்திருக்க வேண்டியதில்லை. கார்டுக்கு விழிப்பு வேண்டும், வாசலில் ஒரு ஆள், ஒரு நாய். மட்கார்டு, மவுத்கார்டு என்று உயிரில்லாத பொருட்களுக்கும் அந்தப் பெயர் உண்டு என்பது உண்மைதான். இருந்தாலும் வினையாக வரும்போது கார்டு யாரோ பார்த்துக்கொண்டிருப்பதையே முதலில் காட்டும். திரைக்கு ஒட்டும் படலம் போனை ப்ரொடெக்ட் செய்யும், கார்டு செய்யாது.

ப்ரொடெக்டோடு ஒட்டிக்கொள்ளும் ‘ஃப்ரம்’, ‘அகெய்ன்ஸ்ட்’ பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். பெரும்பாலும் எதைப் போட்டாலும் குடி முழுகாது. வழக்கு மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. மருந்துப் பெட்டியில் ‘ப்ரொடெக்ட் ஃப்ரம் லைட்’ என்று இருக்கும், வெளிச்சம் படாமல் தள்ளி வை என்று. தடுப்பூசி நோய்க்கு ‘அகெய்ன்ஸ்ட்’ ப்ரொடெக்ட் செய்யும், எதிர்த்து நிற்பதால். விலக்கி வைப்பதானால் ஃப்ரம், எதிர்த்து நிற்பதானால் அகெய்ன்ஸ்ட் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உண்மையில் மண்டை காய வைக்கும் இடம் சேஃபும் செக்யூரும். நமக்கு இரண்டுமே பாதுகாப்பு. ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் சில சமயம் அர்த்தமே தலைகீழாகிவிடும்.

மின்பூட்டுக்காரர்களிடம் இதற்கு ஒரு அருமையான ஜோடிச் சொல் இருக்கிறது: ஃபெயில் சேஃப், ஃபெயில் செக்யூர். மின்சாரம் போய்விட்டது என்று வையுங்கள். ஃபெயில் சேஃப் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். ஃபெயில் செக்யூர் பூட்டு பூட்டியபடியே நிற்கும், உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருகி வெளியே வர மட்டும் வழக்கமாக வழி வைத்திருப்பார்கள். தீப்பிடித்த கட்டடத்தில் படிக்கட்டுக் கதவில் முதல் வகை வேண்டும். ஆவணங்கள் அடுக்கிய அறைக்கு இரண்டாவது வகை. அதே கதவு, அதே இருட்டு. ஒன்று மனிதரை நினைத்துத் திறக்கிறது, மற்றது பொருளை நினைத்துத் திறக்க மறுக்கிறது. இரண்டுக்கும் தமிழில் ‘பாதுகாப்பான பூட்டு’ என்று எழுதிக் கொடுத்தால் கதவு மாட்டுகிறவர் எதை மாட்டுவார்?

ஃபெயில் சேஃப் என்பதையே தப்பாகப் புரிந்துகொள்கிறவர்கள் அதிகம். தோற்கவே தோற்காதது என்று நினைப்பார்கள். அது சொல்வது வேறு: பழுதானால் ஆபத்தில்லாத பக்கம் சாய்வது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் ரயிலுக்குச் செய்த முதல் காற்று பிரேக்கில், குழாயில் அழுத்தம் ஏற்றினால்தான் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லை. 1872இல் அவர் அதைத் திருப்பிப் போட்டார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும், அழுத்தம் இறங்கினால் பிடித்துவிடும். பெட்டி கழன்று குழாய் அறுந்தாலும் ரயில் நிற்கும். பழுது நின்றுவிடவில்லை, பழுதானால் என்ன ஆகும் என்பதுதான் மாறியது. அதுதான் ஃபெயில் சேஃப்.

பொறியாளர்கள் இந்த வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்வார்கள்: யாரும் வேண்டுமென்று செய்யாத விபத்துக்கு சேஃப்டி, வேண்டுமென்றே கெடுக்க வருபவருக்கு செக்யூரிட்டி. விமானப் பயணத்தில் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பையைத் திறக்கச் சொல்வது செக்யூரிட்டி. இருக்கை பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று நடுவழியில் நின்று காட்டுவது சேஃப்டி. அதனால் ஊக்குக்கு ‘சேஃப்டி பின்’ என்று பெயர், கையைக் குத்தாமல் இருப்பதால். வாசலில் நிற்பவர் ‘செக்யூரிட்டி’.

உணவு விஷயத்தில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. ஃபுட் சேஃப்டி என்றால் சாப்பிட்டால் உடம்புக்கு வராமல் இருப்பது. ஃபுட் செக்யூரிட்டி என்றால் எல்லோருக்கும் எப்போதும் போதிய உணவு கிடைப்பது. 1996இல் ரோமில் நடந்த உலக உணவு மாநாடு இரண்டாவதற்குத் தந்த விளக்கத்தில், கிடைக்கும் உணவு ‘சேஃப்’ ஆகவும் இருக்க வேண்டும் என்றே வருகிறது. ஒன்று இன்னொன்றுக்குள் அடங்கியிருக்கிறது. தமிழில் இரண்டுமே ‘உணவுப் பாதுகாப்பு’ என்று செய்தியில் வரும்போது, கெட்டுப்போன உணவைப் பற்றியா, பட்டினியைப் பற்றியா என்று இரண்டாவது பத்தி வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. நான் எழுதும்போது பின்னதற்கு ‘உணவு உறுதி’ என்று போட்டுப் பார்க்கிறேன். எல்லா ஆசிரியர்களும் விடுவதில்லை.

செக்யூரின் லத்தீன் வேருக்குப் பொருள் ‘கவலை இல்லாமல்’. சுமார் 400 ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் செக்யூரிட்டி என்பதற்கு அசட்டை, மெத்தனம் என்றும் ஒரு பொருள் இருந்தது. கவலைப்பட ஒன்றும் இல்லை என்று நினைப்பவன் கதவைத் தாழிடாமல் தூங்குவான் அல்லவா, அந்த மெத்தனம். இன்று அந்தப் பொருள் வழக்கில் இல்லை. வினையாக வந்தால் செக்யூருக்கு இப்போது இறுக்கிக் கட்டு, மூடு, கைப்பற்று, பெற்றுவிடு என்று நாலு திசை உண்டு. மூடியை செக்யூர் செய்யலாம், வேலையையும் செக்யூர் செய்யலாம். அமெரிக்க ராணுவத்தில் வெகுகாலமாக உலவும் ஜோக் ஒன்று. ‘கட்டடத்தை செக்யூர் செய்’ என்று உத்தரவு போட்டால் கடற்படை விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிவிட்டு வருமாம். தரைப்படை உள்ளே புகுந்து வேறு யாரும் வராமல் உட்கார்ந்துகொள்ளுமாம். மரீன்கள் தாக்கிப் பிடிப்பார்களாம். விமானப்படை போய் வாடகை ஒப்பந்தம் போட்டுவிட்டு, பின்னால் வாங்கிக்கொள்ளும் உரிமையையும் எழுதி வாங்கி வருமாம். ‘செக்யூர் யுவர் ரிசீட்’ என்று அச்சடித்தால் வாடிக்கையாளர் அதைக் கயிறு போட்டுக் கட்டலாம், அல்லது சண்டை போட்டு வாங்கலாம். அடித்துவிட்டேன்.

ப்ரிசர்வ் இன்னும் மோசம். சர்வ் என்ற வேர் ‘காத்து வை’ என்பது. ப்ரிசர்வ், கன்சர்வ், ரிசர்வ் மூன்றும் அதன் பிள்ளைகள். ப்ரிசர்வ் கெடாமல், மாறாமல், இருந்தபடியே நிறுத்துவது. அதனால்தான் பழப்பாகுக்கு ‘ப்ரிசர்வ்ஸ்’ என்று பெயர் வந்தது. கன்சர்வ் அளவாகப் பயன்படுத்திக்கொண்டே தீராமல் பார்த்துக்கொள்வது. இந்த இரண்டு சொல்லுக்கும் பின்னால் ஒரு நிஜச் சண்டையே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஹெட்ச் ஹெட்ச்சி பள்ளத்தாக்கில் அணை கட்டி சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தண்ணீர் கொண்டுபோகலாமா என்பது கேள்வி. இயற்கை ஆர்வலரான ஜான் மியூர் தொடவே கூடாது என்றார், அது ப்ரிசர்வ் கட்சி. நாட்டின் வனத்துறையை முதலில் நடத்திய கிஃபர்ட் பின்ஷோ காடும் நீரும் மக்கள் பயனுக்குத்தான் என்றார், அது கன்சர்வ் கட்சி. 1913இல் அமெரிக்க நாடாளுமன்றம் அணைக்குச் சம்மதித்தது, பள்ளத்தாக்கு நீருக்கடியில் போனது. தண்ணீரை, மின்சாரத்தை கன்சர்வ் செய்யச் சொல்லலாம். தடயத்தை, பழைய சுவடியை ப்ரிசர்வ் செய்யச் சொல்லலாம். ரசீதை ப்ரிசர்வ் செய்யச் சொன்னால் பாடம் செய்து வைக்கச் சொன்னதாகத் தோன்றும். நம் பக்கத்து விண்ணப்பப் படிவங்களில் அது இன்னும் அங்கங்கே இருக்கிறது.

பட்டியலில் இல்லாத இன்னொன்றும் வந்து எட்டிப் பார்த்தது: சேஃப்கீப்பிங். பொருளை இன்னொருவர் கையில் ஒப்படைத்தால்தான் அது பொருந்தும். நகையைத் தங்கையிடம் ‘ஃபார் சேஃப்கீப்பிங்’ கொடுக்கலாம், தன் அலமாரியில் தானே வைத்துக்கொள்ள அந்தச் சொல் தேவையில்லை. சட்ட எழுத்தில் அந்த இடத்தில் ‘கஸ்டடி’ வரும், ஆனால் அது பிள்ளைக்கும் கைதிக்கும் கூடப் பொது என்பதால் நகைக்கு எழுதும்போது கொஞ்சம் உறுத்தும். ‘டேக் கேர் ஆஃப்’ போடலாமா என்றால், அது நம் ‘பார்த்துக்கொள்’ மாதிரியே இரண்டு முகம் கொண்டது. “குழந்தையை நான் பார்த்துக்கறேன்” என்பதும் “அவனை நான் பார்த்துக்கறேன்” என்பதும் ஒரே வினைதான். ஆங்கிலத்திலும் ரவுடிகள் அப்படியே பேசுவார்கள். இரண்டு மொழிகள் இவ்வளவு ஒத்துப்போவது அபூர்வம்.

கடைசியில் தாளில் மிஞ்சியவை நான்கு. ரீடெய்ன் சரிதான், ஆனால் அதில் அரசு அலுவலக வாடை. சேவ் அமெரிக்க வாடிக்கையாளருக்கு நன்றாக இருக்கும், மற்றவர்களுக்குக் கொஞ்சம் அந்நியம். ‘கீப் திஸ் ரிசீட் சேஃப்’ நல்ல ஆங்கிலம், பேச்சு மாதிரி இருக்கும். ‘கீப் திஸ் ரிசீட் இன் எ சேஃப் ப்ளேஸ்’ எல்லா நாட்டிலும் ஓடும், கொஞ்சம் நீளம்.

இவை நாலையும் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் கீப் மேல் கண் போனது. கோட்டைக்குள் கடைசிப் புகலிடமாக இருக்கும் உறுதியான கோபுரத்துக்கும் ஆங்கிலத்தில் கீப் என்றுதான் பெயர். அந்தச் சொல்லுக்குள்ளேயே காவல் இருக்கிறது. நம் ‘வை’க்கு அது கிடையாது. மேசை மேல் வை என்றாலும் வை, அடுப்பில் வை என்றாலும் வை. அதனால்தான் நமக்குப் ‘பத்திரமாக’ வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்துக்கு ‘ப்ளீஸ் கீப் திஸ் ரிசீட்’ என்றாலே போதும், தொலைத்துவிடாதே என்பது அதிலேயே வந்துவிடும். அந்த நாலு சொல்லை எழுதி அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. “சார், பத்திரமாகன்னு ஒரு வார்த்தை இருந்துச்சே, அது எங்க?” கீப்புக்குள்ளேயே இருக்கிறது என்று விளக்கினேன். கோபுரத்தைப் பற்றியும் சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது சரிங்க சார், ஆனா கஸ்டமர் தொலைச்சுட்டு வந்து நிப்பாங்களே” என்றார். ‘இன் எ சேஃப் ப்ளேஸ்’ சேர்த்து அனுப்பினேன். அப்படியே அச்சாகி வந்தது. எழுத்துதான் கொஞ்சம் பொடியாகிவிட்டது.